கொஞ்சம் தெரிந்தவர்கள்



ரிசல்ட் வந்து, கேம்பஸ் இன்டர்வியூ பரபரப்பும் அடங்கிய பிறகு நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் குரல் மாறிவிடும். சமையல் குறிப்புக்கு நன்றி சொல்லி ஆரம்பிக்கிற கடிதம்கூட, மூன்றாவது பத்தியில் மகனுடைய வேலை, மகளுடைய வேலை என்று வந்து நிற்கும். இந்த முறை பல கடிதங்களில் ஒரே கேள்வி. "லிங்க்ட்இன்ல கணக்கு ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. போட்டோ போட்டாச்சு, படிப்பெல்லாம் போட்டாச்சு. ஒருத்தரும் கூப்பிடலை. இதனால ஏதாவது ஆகுமா, இல்ல சும்மா பொழுதுபோக்கா?"

ஆகும் என்பதுதான் என் பதில். ஆனால் பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் ஆகாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மறக்காமல் புதுப்பித்து, கார்டு வருமா என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை நம்முடையது. என்றைக்காவது நம் முறை வரும் என்ற நம்பிக்கை நம் ரத்தத்தில் இருக்கிறது. லிங்க்ட்இன் என்ற இந்த வேலைக்கான தளத்தில் வரிசையும் கிடையாது, சீனியாரிட்டியும் கிடையாது. 2002 டிசம்பரில் ரீட் ஹாஃப்மன் என்பவர் நண்பர்களோடு தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தொடங்கியது. 2003 மே 5-ல் பொதுமக்களுக்குத் திறந்தது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இன்று உலகம் முழுக்க 100 கோடிப் பேருக்கு மேல் இதில் இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு அடுத்தபடி இந்தியர்கள்தான், 10 கோடிக்கும் மேல். இத்தனை பேருக்கு நடுவில் உங்கள் பிள்ளையின் பக்கம் ஒருவர் கண்ணில் படவேண்டுமென்றால், ஒன்று அவரே தேடி வரவேண்டும். அல்லது நடுவில் யாராவது ஒருவர் உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லவேண்டும்.

அந்த நடுவில் இருப்பவரைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

இணையம் எல்லாம் வராத காலத்தில், மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் உள்ள நியூட்டன் என்ற ஊரில் ஒரு ஆய்வு செய்தார். அண்மையில் வேலை மாறியவர்களில், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: வேலையைச் சொன்ன அந்த மனிதரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? வாரம் இரண்டு முறையாவது பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம். வருஷத்துக்கு ஒரு முறை, அல்லது அதுவும் இல்லை என்றவர்கள் 27.8 சதவீதம். 1973-ல் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். சமூகவியலில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது.

காரணம் யோசித்தால் சாதாரணம்தான். தினமும் நம்மோடு டீ குடிக்கிற நண்பனுக்குத் தெரிந்த வேலை நமக்கும் தெரிந்திருக்கும். அவனும் நம்மைப்போல அதே வேலையைத்தான் தேடிக்கொண்டிருப்பான். வேறு ஊரில், வேறு கம்பெனியில், வேறு ஆட்களோடு பழகுகிற ஒருவர்தான் நமக்குத் தெரியாத செய்தியைக் கொண்டு வர முடியும். நம் வீடுகளில் வரன் அமைந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். சொந்தச் சித்தி சொன்ன இடம் குறைவாகத்தான் இருக்கும். சித்தியின் நாத்தனாரோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் சொன்ன இடம்தான் முடிந்திருக்கும்.

இந்த எண்ணத்தை லிங்க்ட்இன்னிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2015 முதல் 2019 வரை, 2 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனை. முடிவு 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கார்த்திக் ராஜ்குமார், சினான் ஆரல் உள்ளிட்ட ஐந்து பேர் எழுதியது. 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று தளம் ஒரு பட்டியல் காட்டுமே, அதைச் சிலருக்கு ஒரு மாதிரியும் சிலருக்கு வேறு மாதிரியும் மாற்றிக் காட்டி, யாருக்கு வேலை மாற்றம் அதிகம் நடக்கிறது என்று பார்த்தார்கள். நெருக்கமானவர்களைவிடக் கொஞ்சம் தெரிந்தவர்களே வேலைக்கு அதிகம் உதவினார்கள். ஆனால் முற்றிலும் அந்நியர் அல்ல. இரண்டு பேருக்கும் பொதுவாகச் சில நண்பர்களாவது இருக்கிற தூரத்தில் உள்ளவர். இன்னொன்றும் கண்டார்கள்: கம்ப்யூட்டர் சார்ந்த துறைகளில்தான் இந்த விஷயம் பலமாக வேலை செய்கிறது. அந்த அளவுக்குக் கணினி நுழையாத துறைகளில் நெருங்கிய உறவுதான் இன்னும் கை கொடுக்கிறது. மில்லுக்கு மாமா சொல்லிச் சேர்த்துவிடுகிற வழக்கம் காரணமில்லாமல் நீடிக்கவில்லை.

சரி, இதை வைத்து என்ன செய்வது? உங்களை நன்றாகத் தெரிந்தவருக்கு உங்கள் பக்கம் தேவையே இல்லை. கொஞ்சம் தெரிந்தவருக்குத்தான் தேவை. அவர் ஆபீஸில் ஒரு இடம் காலியாகிறது. உங்கள் முகம் அவருக்கு நினைவுக்கு வருகிறது. மேலாளரிடம் போய், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு இருக்கு" என்று ஆரம்பிக்கிறார். அடுத்த வரி என்ன? அந்த அடுத்த வரியை அவர் கையில் கொடுப்பதுதான் உங்கள் பக்கத்தின் வேலை. பல கம்பெனிகளில் ஊழியர் சொல்லி வரும் ஆளுக்கு 'ரெஃபரல்' என்று தனி மரியாதை உண்டு. சேர்ந்துவிட்டால் சொன்னவருக்குப் பணமும் உண்டு. அதனால் சொல்ல மனம் இருக்கிறது. சொல்வதற்குத்தான் விஷயம் இல்லை.

கடிதம் எழுதிய தாய்மார்களில் ஒருவர் திருப்பூர்க்காரர். அவர் மகளோடு போனில் பேசினேன். பெயர் போடாமல் எழுத அனுமதி கேட்டேன், தந்தார். பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மூன்று வருஷமாக மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டரைச் சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்கிறவர். சென்னையில் ஒரு பையிங் ஆபீஸுக்கு, வெளிநாட்டு பையர் சார்பில் சரக்கு வாங்கும் இடத்துக்கு, மாற ஆசை. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயருக்குக் கீழே வருகிற அந்த ஒற்றை வரி, ஹெட்லைன் என்பார்கள், அதில் 'பி.காம். பட்டதாரி, கடின உழைப்பாளி, நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே 'சவாலான பணிச்சூழலில் என் திறமையை நிரூபித்து, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன்' என்ற வாக்கியம். இந்த வாக்கியத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் பிறந்து, ஒரு பயோடேட்டாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிற வாக்கியம் அது.

"கடைசியா எப்ப ஒரு பெரிய சிக்கல் வந்தது? என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். குழந்தைகள் உடை ஆர்டர் ஒன்று, மூன்று கலர். ஷிப்மென்ட்டுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, டையிங்கிலிருந்து நேவி ப்ளூ துணி மட்டும் ஷேடு மாறி வந்துவிட்டது. லேப் டிப் என்கிற மாதிரித் துணியில் பையர் ஓகே செய்த ஷேடு ஒன்று, வந்து இறங்கிய லாட் வேறொன்று. கட்டிங் ஆட்கள் துணியை டேபிளில் விரிக்கத் தயாராக நிற்கிறார்கள். இவர் அந்த லாட்டை நிறுத்தினார். சரியாக இருந்த மற்ற இரண்டு கலர்களையும் முன்னால் கட்டிங்குக்கு அனுப்பினார். பையருக்கு அன்றைக்கே மெயில் போட்டு, இரண்டு கலர் முதலில், நேவி அடுத்த கப்பலில் என்று பிரித்து அனுப்ப ஒப்புதல் வாங்கினார். துணி மறுபடி டையிங்குக்குப் போய்த் திரும்பி வந்தது. சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டிய நிலைமை வரவில்லை. ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், விமானத்தில் ஏற்றினால் அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று மிஞ்சாது.

"இதை ஏன் பக்கத்துல எழுதலை?"

"இதுல என்னங்க சார் இருக்குது? எல்லாரும் பண்றதுதானுங்களே."

எல்லாரும் செய்வதில்லை. ஷேடு மாறிய துணியை அப்படியே வெட்டி, பிறகு பையரிடம் கெஞ்சுகிற கம்பெனிகளும் உண்டு. நம் பிள்ளைகள் 'கடின உழைப்பாளி' என்று எழுதக் கூச்சப்படுவதில்லை; ஆனால் உண்மையில் உழைத்த கதையை எழுதினால் தற்பெருமை ஆகிவிடுமோ என்று கூசுகிறார்கள். எனக்கென்னவோ இது தலைகீழாகப் படுகிறது. 'நான் சிறந்தவள்' என்பது பெருமை. 'துணியை நிறுத்தினேன், ஆர்டரைப் பிரித்தேன், கப்பலிலேயே போயிற்று' என்பது நடந்தது. படிக்கிறவர் பாராட்ட வேண்டுமா இல்லையா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

இப்போது அந்தப் பெண்ணின் ஹெட்லைன், தமிழில் சொன்னால், இப்படி இருக்கிறது: 'மெர்ச்சண்டைசர், பின்னலாடை ஏற்றுமதி, குழந்தைகள் உடை, காஸ்டிங், சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை.' அந்த இடத்தில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் போனில் தேடுகிறவருக்கு முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் தொழிலின் பெயர் முன்னால் வந்தது. அறிமுகப் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை இடம் உண்டு; அதிலும் முதல் சில வரிகள் மட்டும் தெரியும், மீதியைப் பார்க்க அழுத்த வேண்டும். அதனால் நேவி ப்ளூ கதையை நான்கு வரியாக்கி முதலில் வைத்தோம். பையர் பெயரும் விலையும் சொல்லவில்லை. அது கம்பெனியின் ரகசியம், எந்தப் பக்கத்திலும் எழுதக்கூடாது. ஆங்கிலம் எளிமையாகத்தான் இருந்தது. 'நான் நிறுத்தினேன், நான் அனுப்பினேன்' என்கிற அளவு ஆங்கிலம் போதும். சாட்ஜிபிடியிடம் கொடுத்து மெருகேற்றலாமா என்று கேட்டார். எழுத்துப்பிழை திருத்தக் கொடுங்கள் என்றேன். மெருகேற்றினால் அந்த ஜெராக்ஸ் கடை வாக்கியம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடும்.

கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கிறவர்கள் தேடுகிற விதத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பதவிப் பெயர், ஊர், திறன், இந்த மூன்றையும் தட்டித்தான் தேடுவார்கள். உங்கள் கம்பெனி உங்களுக்கு 'எக்சிக்யூட்டிவ் கிரேடு இரண்டு' என்று பெயர் வைத்திருந்தால் அதை யாரும் தேடப் போவதில்லை. ஊரே புரிந்துகொள்கிற தொழில் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். சுருக்கெழுத்தாக எழுதியதை ஒரு முறையாவது விரித்தும் எழுதுங்கள். சென்னையில் வேலை வேண்டுமென்றால், வேலை தேடும் ஊர்களில் சென்னையையும் குறித்து வையுங்கள். திறன்கள் என்ற பகுதியில் 100 வரை போடலாம் என்பதற்காக 'டீம் ஒர்க்', 'மைக்ரோசாஃப்ட் வேர்டு' என்று நிரப்ப வேண்டியதில்லை. உங்களிடம் யாராவது வந்து கற்றுக்கொள்ளக்கூடியவை எவையோ அவை போதும்.

வீட்டுக் காரணங்களுக்காக வேலையை விட்டு, மறுபடி வர நினைக்கிற பெண்கள் நம் வாசகர்களில் ஏராளம். நான்கு வருஷ இடைவெளியை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். முன்னே பின்னே தேதியை இழுத்து மூடாதீர்கள். 2022-ல் இந்தத் தளம், வேலை இடைவெளியையும் ஒரு வேலை அனுபவம்போலவே முறையாகப் பதிகிற வசதியைக் கொண்டு வந்தது. குழந்தை வளர்ப்பு, நோயாளியைப் பார்த்துக்கொண்டது, உடல்நலம் என்று காரணத்தையும் தேர்ந்தெடுக்கலாம். நேராகச் சொன்னால் கேள்வி ஒன்றோடு முடியும். மறைத்தால் இன்டர்வியூ முழுக்க அதைச் சுற்றியே ஓடும்.

போட்டோ போடப் பயப்படும் பெண்களின் கவலையும் நியாயமானது. வேலைக்கான தளம் என்றாலும் 'ஹாய், யூ லுக் நைஸ்' என்று எழுதுகிற ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள். போட்டோவை யார் யார் பார்க்கலாம் என்று செட்டிங்கில் கட்டுப்படுத்தலாம். போன் நம்பர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எதுவும் பக்கத்தில் வேண்டாம். தொந்தரவு செய்கிறவரை பிளாக் செய்வதற்குத் தயக்கமே தேவையில்லை.

போட்டோவைச் சுற்றி வருகிற அந்தப் பச்சை வளையம் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். 'வேலைக்குத் தயார்' என்பதை இரண்டு விதமாக அறிவிக்கலாம். எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் வளையம் வரும். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வராது. வேலையில் இருந்துகொண்டே தேடுகிறவர்கள் இரண்டாவதை எடுங்கள். உங்கள் கம்பெனி ஆட்கள் கண்ணில் படாமல் இருக்கத் தளம் முயற்சி செய்யும், ஆனால் உறுதி தராது. தளமே அப்படித்தான் சொல்கிறது. வேலை போனவர்கள் வளையத்தைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். அதைப் போட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று பேசுகிற அறிவுரையாளர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர்களுக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது.

இனி, அந்தக் கொஞ்சம் தெரிந்தவருக்கு எப்படி எழுதுவது? பெரும்பாலும் 'டியர் சார், எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லை, உதவுங்கள்' என்றுதான் போகிறது. படிக்கிறவருக்கு மனம் இளகும். ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் மூடி வைத்துவிடுவார். வேலையைக் கேட்காமல் விஷயத்தைக் கேளுங்கள். திருப்பூர்ப் பெண் தன் கல்லூரி சீனியர் ஒருவருக்கு எழுதியது இது:

"வணக்கம் அக்கா. உங்களுக்கு இரண்டு வருஷம் ஜூனியர் நான், என்.எஸ்.எஸ். முகாமில் சமையல் டீமில் உங்களோடு இருந்தேன். இப்போது திருப்பூரில் மெர்ச்சண்டைசர். சென்னையில் பையிங் ஆபீஸுக்கு மாற நினைக்கிறேன். அங்கே சாம்பிளையும் ஆர்டர் ஃபாலோ-அப்பையும் ஒரே ஆள் பார்ப்பார்களா, தனித்தனி ஆட்களா? நேரம் கிடைக்கும்போது சொன்னால் உதவியாக இருக்கும்."

எங்கே பார்த்தோம், இப்போது என்ன செய்கிறேன், எங்கே போக ஆசை, ஒரே ஒரு கேள்வி. இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் போதும், அதற்கு மேல் துரத்த வேண்டாம். இந்தப் பெண்ணுக்குப் பதில் வந்தது. அந்த அக்கா வேறு துறைக்குப் போய்விட்டாராம். ஆனால் தன் பழைய ஆபீஸில் இரண்டு பேர் பெயரைத் தந்திருக்கிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறார்.

பழைய மேலாளரிடம் பரிந்துரை கேட்பதும் இப்படித்தான். 'ஏதாவது எழுதுங்க சார்' என்றால் 'நல்ல பெண், கடமை தவறாதவர்' என்று வரும். 'அந்த நேவி ஆர்டர் பத்தி நாலு வரி எழுதித் தர முடியுமா சார்?' என்றால் விஷயம் வரும்.

தினமும் பதிவு போட வேண்டுமா என்பதற்குச் சுருக்கமான பதில்: வேண்டாம். 'கண்ணீரோடு இதை எழுதுகிறேன்' என்று ஆரம்பித்து, இன்டர்வியூவுக்குப் போகும் வழியில் நாய்க்குத் தண்ணீர் வைத்து, உள்ளே போனால் அந்த நாய்தான் மேலாளர் என்று முடியாத குறையாகப் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. உங்கள் துறை ஆள் ஒருவர் எழுதியதன் கீழே, உங்கள் அனுபவத்திலிருந்து உருப்படியாக இரண்டு வரி சேர்த்தால் அதைப் படிக்கிறவர்கள் சரியான ஆட்களாக இருப்பார்கள்.

சிரிப்பை விட்டுவிட்டு ஒரு எச்சரிக்கை. பயிற்சிக் கட்டணம், டெபாசிட், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை இல்லை. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் கஸ்டமர் சப்போர்ட் என்று நம்பிப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, மியான்மர் எல்லையிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைபட்டு மீட்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பக்கத்தில் சரிபார்ப்பு டிக் இருக்கிறதே என்பார்கள். இந்தியாவில் டிஜிலாக்கர் வழியாக அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் வசதி அது. ஆள் யார் என்று அது சொல்லும். அவர் காட்டுகிற வேலை உண்மையா என்று சொல்லாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளையிடம் 'அதுலயும் கணக்கு ஆரம்பி' என்று நச்சரிக்காதீர்கள். பரீட்சை எழுதிப் போகிற வேலைக்கு இந்தத் தளத்தால் ஒரு பயனும் இல்லை. ஊரில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிற தம்பிக்கு, வாட்ஸ்அப்பும் பத்துத் திருப்தியான வாடிக்கையாளரும் இதைவிடப் பெரிய தளம்.

மற்றவர்களுக்கு நம் பத்திரிகை சார்பில் ஒரு சின்ன ஏற்பாடு. உங்கள் ஹெட்லைனையும், அண்மையில் வேலையில் நீங்கள் சமாளித்த ஒரு சிக்கலையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதினால் போதும். கம்பெனி பெயரோ, மேலாளர் பெயரோ, போன் நம்பரோ எழுத வேண்டாம்; உங்கள் ஊரும் தொழிலும் இருந்தால் சரி. உறையின் மேல் 'அடுத்த வரி' என்று குறிப்பிடுங்கள். வந்தவற்றில் சிலவற்றை, எப்படித் திருத்தினோம் என்பதோடு அடுத்த இதழிலிருந்து வெளியிடுகிறோம். நெசவு, நர்சிங், கணக்கு, லாரி புக்கிங் என்று ஐ.டி. அல்லாத துறைக்காரர்கள் கூச்சப்படாமல் முதலில் எழுதுங்கள், ஐ.டி. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்